மாலை கேட்கும் சந்தேச

பலாபத்வலயில் பஸ்ஸுக்கு நிற்கிற இளசுகளின் வாயில் வருவது 'மெசேஜ்'தான். பெரியவர்கள் சிங்களத்தில் 'பணிவிடய' என்பார்கள், தமிழில் சேதி. 'சந்தேசய' என்ற சொல்லைப் பாடப் புத்தகத்திலும் இலக்கிய மேடையிலும்தான் பார்க்கலாம். அந்தப் பழஞ்சொல்லை இலங்கை நிரலாளர்கள் கணினிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 2000களின் நடுவில், அப்பாச்சி அமைப்பின்கீழ் அவர்கள் எழுதிய ஒரு மென்பொருளின் பெயர் 'சந்தேச'. கூடப் பிறந்த இன்னொன்று 'கந்துல'. துட்டகைமுனுவின் யானை அது. ஊர்ப்பெயர் சூட்ட அவர்கள் கூச்சப்படாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

சொல்லின் வேர் வடமொழி 'திச்', சுட்டிக்காட்டுதல். திசை, தேசம், உபதேசம், ஆதேசம் எல்லாம் அதில் கிளைத்தவை. சந்தேகம் மட்டும் ஒலியை வைத்து உறவு கொண்டாடும். அதன் வேர் 'திஹ்', பூசுதல். வங்காளத்துச் சந்தேஷ் இனிப்போ இதே குடும்பம்தான். சேதி சொல்லப் போகிறவர் கையோடு கொண்டுபோன பண்டம் என்று காரணம் சொல்வார்கள்.

காளிதாசரின் மேகதூதத்துக்கு மேகசந்தேசம் என்றும் பெயருண்டு. மலையாளத்தில் 14ஆம் நூற்றாண்டின் உண்ணுநீலி சந்தேசம். சிங்களத்தில் மயில், அன்னம், கிளி, நாகணவாய் என்று ஒரு பறவைக் கூட்டமே சேதி சுமக்கிறது. நமக்கு நெருக்கமானது 15ஆம் நூற்றாண்டின் கோகில சந்தேசய. தெற்கே தெவிநுவரவிலிருந்து யாழ்ப்பாணத்தில் இருந்த சபுமல் குமாரனுக்கு, அதாவது நம்மவர் சொல்லும் செண்பகப்பெருமாளுக்கு, ஒரு குயில் புறப்படுகிறது. அது மேற்குக் கரையோரமாகப் பறந்தது. அதுவே இன்று கண்டியில் யாழ்ப்பாணப் பஸ் ஏறியிருந்தால் ஏ9 வீதியில் பலாபத்வலயைத் தாண்டியிருக்கும். இப்பாட்டுகளில் வழிதான் பெரிது: ஊர், ஆறு, விகாரை. பறவை சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்ததும் காவியம் முடிகிறது. பதிலோடு பறவை திரும்பும் காட்சி கிடையாது.

தமிழில் சந்தேசம் வேர்பிடிக்கவில்லை. தூதுதான் ஆண்டது, உமாபதி சிவாசாரியார் நெஞ்சையே அனுப்பினார். தமிழ்த் தூதில் தலைவி வைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: சேதியைச் சொன்னால் மட்டும் போதாது, தலைவனின் மாலையை வாங்கி வர வேண்டும். சேதி சேர்ந்தது, ஏற்கப்பட்டது என்பதற்கு அந்த மாலையே சாட்சி.

மென்பொருள் சந்தேச செய்வது இந்தத் தமிழ்த் தூதின் வேலை. தூரத்துக் கணினியில் இருக்கும் நிரலைத் தன் நிரல்போல அழைப்பதை ரிமோட் ப்ரொசீஜர் கோல் என்கிறார்கள். அழைக்கும் கிளையன்டுக்கும் சேர்வருக்கும் இடையில் லைன் எந்த நேரமும் அறுந்துபோகும். ஆகவே கிளையன்ட் முதலில் 'கிரியேட் சீக்வென்ஸ்' என்று கேட்டு ஒரு தொடர் அடையாளம் வாங்குகிறது. பிறகு போகும் ஒவ்வொரு செய்திக்கும் 1, 2, 3 என்று எண். அனுப்பும் முன்பே ஒவ்வொன்றையும் தன் சேமிப்பில் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஐந்து போனபின் சேர்வரிடமிருந்து '1 முதல் 3 வரை, பிறகு 5' என்று ஒப்புதல் வந்தால் நான்காவது தொலைந்தது என்று தெரிந்துவிடும். வைத்திருந்த பிரதியை மறுபடி அனுப்பும். ஒப்புதல் வந்தவற்றை மறுபடி அனுப்பத் தேவையில்லை. பிரதிகளை நினைவகத்தில் மட்டும் வைத்தால் கரண்ட் போனதும் எல்லாம் போய்விடும் என்பதால் தரவுத்தளத்தில் வைப்பவர்களும் உண்டு. இந்த ஒழுங்கு சந்தேசவின் கண்டுபிடிப்பு அல்ல. ஐபிஎம், மைக்ரோசொஃப்ட், பிஇஏ, டிப்கோ நிறுவனங்கள் 2003இல் வெளியிட்ட நெறிமுறை அது. 2007இல் ஓயாசிஸ் அமைப்பின் தரமானது. நிரலாளர் தன் கிளையன்டில் 'சந்தேச2' என்று மொடியூல் பெயரைக் கொடுத்து இணைத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

மாலைக்கும் ஒப்புதலுக்கும் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. தலைவி கேட்கும் மாலையில் அவன் சம்மதமும் அடக்கம். சேர்வரின் ஒப்புதல் செய்தி கைக்கு வந்ததை மட்டுமே சொல்லும், கேட்ட வேலை நடந்ததா என்பதை அல்ல. அதைச் சொல்ல வேண்டியது பதில். பதிலும் நம்பகமாக வர வேண்டுமானால் எதிர்த்திசையில் இன்னொரு தொடர் தேவை. அதற்கும் எண்கள், அதற்கும் பிரதிகள். இம்முறை அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்புதலுக்குக் காத்திருப்பது சேர்வர்.