இசை நாடகமும் இளமை நினைவும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் எழுத்துருக்களையும் மேடையேற்ற ஆண்டுகளையும் ஆதாரமாகக் கொண்டே எழுதப்படுகின்றது. பார்வையாளர், சிறப்பாகச் சிறுவர், தாம் முதன்முதற் கண்ட நாடகத்தை எவ்வாறு மனத்திற் பதித்துக்கொண்டனர் என்பது அதில் இடம்பெறுதல் அரிது. யாழ்ப்பாணத்து இசை நாடகத்தைப் பொறுத்தவரை அந்நினைவும் ஒரு வரலாற்றுச் சான்றே என்பது எமது கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பார்சி நாடகக் குழுக்கள் புதியதோர் அரங்க முறையைப் பரப்பின. வட்டக்களரியைச் சூழ்ந்திருந்து கூத்துப் பார்த்தவர்கள், வரைந்த திரைகள் தொங்கும் மேடையை ஒருபுறமிருந்து பார்க்கத் தலைப்பட்டனர். ஆர்மோனியம் அரங்கேறியது. இம்முறையின் செல்வாக்கினாற் சிங்களத்தில் நூர்த்தி தோன்றியது. 1911இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்தது. தமிழிற் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) புராணக் கதைகளுக்குப் பாடலும் உரையும் அமைத்து இம்மரபை நிலைநிறுத்தினார். யாழ்ப்பாணத்தார் இதனை 'டிறாமா மோடி' என்றும் 'கொட்டகைக் கூத்து' என்றும் வழங்கினர்.

இம்மரபின் ஈழத்துச் சிகரம் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) ஆவார். அவரது 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆயிரக்கணக்கான தடவைகள் மேடையேறியது. வலிகாமம் வடக்கைச் சேர்ந்த எமது பாட்டனார் எட்டு வயதில் முதன்முதற் பார்த்த நாடகமும் அதுவே. கோயில் வீதியிற் பாய் விரித்து உறங்கிய பிள்ளைகளை, மயானக் காட்சி வந்ததும் தாய்மார் தட்டியெழுப்பினராம். பெற்ற மகனின் பிணத்தைச் சுடுவதற்கும் கால்பணமும் முழத்துண்டும் கேட்டு நிற்கும் அரிச்சந்திரனை அன்று வெறுத்ததாகவும், தாம் தந்தையான பின்னரே அவன் வேதனை விளங்கியதாகவும் அவர் கூறுவார். 1990இல் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த பாட்டுக் கொப்பி தொலைந்தது. பாடல்கள் மட்டும் தொலையவில்லை. எமக்கு அவை அவர் வாய்வழியே கிடைத்தன.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் முயற்சியாற் பேராதனையிற் 'கர்ணன் போர்' (1962) முதலிய கூத்துக்கள் புத்துயிர் பெற்றன. அது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், வெளியிலிருந்து வந்தது என்ற காரணத்தால் இசை நாடகத்தைச் 'சுதேசியமற்றது' என ஒதுக்குதல் பொருந்தாது. ஒரு தலைமுறையின் அழுகையும் அறவுணர்வும் எந்த அரங்கில் உருவாயினவோ, அதுவும் அம்மக்களின் அரங்கே.

ஏடுகள் அழிந்த ஊர்களில் முதியோரின் நினைவே ஏடாகும். அதனைக் கேட்டெழுதுவது இன்றைய மாணவர் கடமை. நாளை கேட்பதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள்.