செத்த பேட்டரிக்குள் சாகாத செல்கள் - ஒரு குட்டி வரலாறு



டார்ச் லைட் மங்கினால் பேட்டரிக் கட்டையை எடுத்து வெயிலில் காய வைப்பது நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு நடந்த விஷயம். சூடு ஏறினால் உள்ளே நடக்கும் வேதிவினை கொஞ்சம் சுறுசுறுப்பாகும். கட்டை இன்னும் ஓரிரு நாள் எரியும். ஒரு பொருள் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் உடனே நம்பி வீசி எறிகிற வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை.

2014ல் பெங்களூரில் சிலர் இதே சந்தேகத்தைப் பழைய லேப்டாப் பேட்டரி மேல் எழுப்பினார்கள். இது நிஜமாகவே செத்துவிட்டதா? அந்தக் கதையையும், அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பதையும் பார்ப்போம்.

பேட்டரி பிறந்த கதை

லித்தியம் அயான் பேட்டரியின் முதல் விதை விழுந்தது ஓர் எண்ணெய்க் கம்பெனியில் என்றால் நம்புவீர்களா? 1970களில் அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் பேட்டரியைச் செய்து காட்டினார். 1980ல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி வோல்டேஜைக் கூட்டினார்கள். 1985ல் ஜப்பானின் அகிரா யோஷினோ, எளிதில் தீப்பிடிக்கும் லித்தியம் உலோகத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் கார்பனை வைத்தார். 1991ல் சோனி நிறுவனம் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. இந்த மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு லேப்டாப் பேட்டரிகளுக்குள் ஓர் உருளை செல் குடியேறியது. அதன் பெயர் 18650. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பார்க்க நம் டார்ச் கட்டையின் தம்பி மாதிரி இருக்கும்.

ஏன் பேட்டரி "சாகிறது"?

பழைய லேப்டாப் பேட்டரி ஒன்றில் பெரும்பாலும் 6 செல்கள் இருக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி. அந்த மூன்று ஜோடிகளும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் இணைந்திருக்கும். ஒவ்வொரு ஜோடியும் சுமார் 3.7 வோல்ட், மொத்தம் 11 வோல்ட்.

கிணற்றிலிருந்து மூன்று பேர் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவர் களைத்துவிட்டால் மற்ற இருவருக்கும் தெம்பு இருந்தும் தண்ணீர் வராது. பேட்டரியிலும் இதுதான் நடக்கிறது. ஒரு ஜோடி பலவீனமானால், அதன் வோல்டேஜ் முதலில் கீழே இறங்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சிப் உடனே மொத்தப் பேட்டரியையும் நிறுத்திவிடும். நமக்குத் தெரிவதெல்லாம் "பத்து நிமிஷம் கூட நிற்க மாட்டேங்குது" என்பதுதான். மிச்சம் 4 செல்கள் நல்ல நிலையில் இருந்தாலும் அவையும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன.

பெங்களூர் சோதனை

இதைத்தான் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வுப் பிரிவினர் கையில் எடுத்தார்கள். தூக்கிப்போட்ட லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். சோதித்தவற்றில் குறைந்தது 70 விழுக்காடு, ஓர் எல்.ஈ.டி. விளக்கை நாளுக்கு 4 மணி நேரம் வீதம் ஒரு வருடம் எரிக்கத் தகுதியானவையாக இருந்தன!

நல்ல செல்களை மட்டும் சேர்த்து, சூடேறாமல் காக்கும் மின்சுற்று வைத்து ஒரு பெட்டி செய்தார்கள். பெயர் "ஊர்ஜார்". ஊர்ஜா என்றால் ஆற்றல், ஜார் என்றால் ஜாடி. பெங்களூரின் குடிசைவாசிகள், தள்ளுவண்டிக்காரர்கள் என 5 பேரிடம் கொடுத்து 3 மாதம் பயன்படுத்தச் சொன்னார்கள். நன்றாக வேலை செய்கிறது என்றார்கள் அவர்கள். இரண்டு கோரிக்கைகள் மட்டும் வைத்தார்கள்: எலி கடிக்காத ஒயர் வேண்டும், வெளிச்சம் இன்னும் கூட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து யோசித்தால் எலி ஞாபகத்துக்கு வருமா?

இதன் அருமை புரிய ஒரு தகவல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய வீடுகளில் 31 விழுக்காட்டுக்கு மேல் மண்ணெண்ணெய் விளக்கை நம்பித்தான் இருந்தன. விளக்குப் பெட்டியில் விலை அதிகமான பாகமே பேட்டரிதான். அது குப்பையிலிருந்து கிடைத்தால்?

நம் கணக்கு என்ன?

தமிழக அரசு 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டன. அப்போதுதான் கடுமையான மின்வெட்டும் இருந்தது. 2012ல் சென்னைக்கு வெளியே பல இடங்களில் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. மேலநீலிதநல்லூர் மாதிரியான ஊர்களுக்குக் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்த காலமும் சிம்னி விளக்கு மறுபடி வெளியே வந்த காலமும் ஒன்றுதான்.

அந்த லேப்டாப்களின் பேட்டரிகள் இப்போது எங்கே? பரணில், பழைய இரும்புக் கடையில், குப்பை மேட்டில். ஒரு பேட்டரிக்கு 3 செல் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஒன்றரைக் கோடி செல்கள்! புதிதாக இருக்கும்போது 8 வாட் மணி தரும் செல், பாதி தேய்ந்த பிறகும் 4 வாட் மணி தரும். அப்படி 4 செல் இருந்தால் 3 வாட் விளக்கு ஒன்று 5 மணி நேரம் எரியும். ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்க அது போதும்.

அதற்காக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள் நண்பர்களே! செல்லில் ஓட்டை விழுந்தாலோ, ஷார்ட் ஆனாலோ தீ பிடிக்கும். 2006ல் சோனி செல்கள் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால் டெல் நிறுவனம் மட்டும் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. தொழிற்சாலையிலிருந்து வந்த பேட்டரிக்கே அந்த நிலை. பிரிப்பதும் சோதிப்பதும் கருவியும் பயிற்சியும் உள்ளவர்கள் வேலை.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் இல்லாமலா? அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. லித்தியம் அயான் செல் செய்யும் நுட்பத்தை 2018ல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்கியதும் அதே நிறுவனம்தான்.

சட்டமும் வந்துவிட்டது. 2001ல் வந்த பேட்டரி விதிகள் ஈய அமில பேட்டரிகளுக்கு மட்டுமே. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் லித்தியத்தையும் சேர்த்தன. பழைய பேட்டரிகளைத் திரட்டி மறுசுழற்சி செய்வதோ, சீர்படுத்தி மறுபடி பயன்படுத்த வைப்பதோ தயாரிப்பாளர் பொறுப்பு. வீட்டுக் குப்பையில் கலக்காமல் தனியாக ஒப்படைப்பது நம் பொறுப்பு.

நடுவில் விடுபட்டிருப்பது, ஒப்படைக்க ஓர் இடம். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அரசு அறிவித்தது. புதியதைக் கொடுக்கும் அதே கல்லூரி வாசலில், பழைய பேட்டரியை வாங்கிக்கொள்ள மணல் போட்ட ஒரு பெட்டி வைத்தால் என்ன? அந்தக் காலத்தில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவருக்குத் தெரிந்த வியாபாரம்தானே இது!

அதுவரை உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பேட்டரியை உடைக்காமல், எரிக்காமல், முனைகளில் டேப் ஒட்டி வெயில் படாத இடத்தில் வையுங்கள். டார்ச் கட்டை மாதிரி இதை வெயிலில் காய வைக்கக் கூடாது!