கத்தரீனாவின் வாசல்

ஆண்டுவிழா மலருக்குத் திருச்சபை வரலாற்றிலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பெரிய சபைச் சங்கங்களைப் பற்றி எழுதப் போதகர்மார் இருக்கிறார்கள். நான் ஒரு தாதி. ஆகவே ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

நாம் வாழும் இந்த ஜேர்மனியில், விட்டன்பேர்க் நகரத்தில், மார்ட்டின் லூதர் குடியிருந்த வீடு இன்றும் இருக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு போனோம். கல்லால் ஆன வாசலின் இரு பக்கமும் ஓர் ஆள் இருக்கக்கூடிய கல் இருக்கைகள் உண்டு. "அம்மம்மா வீட்டுத் திண்ணை மாதிரி" என்றாள் மகள். அந்த வாசலை 1540ஆம் ஆண்டு செய்வித்து, கணவருக்குப் பிறந்தநாட் பரிசாகக் கொடுத்தவர் லூதரின் மனைவி கத்தரீனா.

இவர் 1499இல் பிறந்தவர். சிறு வயதிலேயே மடத்தில் விடப்பட்டுக் கன்னியாஸ்திரி ஆனார். 1523ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாட் காலத்தில், ஒரு வியாபாரியின் வண்டியில் வேறு பல கன்னியரோடு இரவில் தப்பி வெளியேறினார். மீன் பீப்பாய்களுக்குள் ஒளிந்து வந்தார்கள் என்று கதை சொல்வார்கள். அது பிற்காலத்தில் யாரோ சேர்த்த ருசி என்றே நினைக்கிறேன். 1525 ஜூன் 13 அன்று லூதரை மணந்தார்.

அவர்களுக்குக் கிடைத்த வீடு, துறவிகள் விட்டுப்போன ஒரு மடம். அதைக் கத்தரீனா ஆட்களால் நிரப்பினார். சொந்தப் பிள்ளைகள் ஆறு பேர், தாய் தகப்பன் இல்லாத உறவுப் பிள்ளைகள், வாடகைக்கு இருந்த மாணவர்கள், அடைக்கலம் தேடி வந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே சாப்பாடு. மாடு, பன்றி, தோட்டம், மீன்குளம் எல்லாம் அவர் பொறுப்பு. பியரும் அவரே காய்ச்சினார். பிள்ளைகளே, சிரிக்க வேண்டாம். அக்காலத்தில் அது அன்றாடப் பானம். அதிகாலையிலே எழும்புவதால் லூதர் அவரை விட்டன்பேர்க்கின் விடிவெள்ளி என்று அழைத்தார்.

குழந்தையின் அழுக்குத் துணியைத் தகப்பன் விசுவாசத்தோடு துவைத்தால், ஊரார் சிரித்தாலும் கடவுளும் தூதரும் அதைக் கண்டு மகிழ்கிறார்கள் என்ற கருத்தை லூதர் 1522இல் எழுதினார். அப்போது அவருக்குக் கலியாணமே ஆகவில்லை! பிறகு அவர் எத்தனை துணி துவைத்தாரோ, கத்தரீனாவைத்தான் கேட்க வேண்டும். ஆனால் கணவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட இன்று இல்லை.

1529இல் லூதர் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். அதைப் பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழாக்கினார். வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதப்பட்ட நூல் அது. காலை ஜெபம், மாலை ஜெபம், சாப்பாட்டு ஜெபம் எல்லாம் மிகச் சிறியவை. காலையில் ஜெபித்தபின் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகவும், இரவில் ஜெபித்தபின் உடனே நிம்மதியாகத் தூங்கவும் அதில் சொல்லியிருக்கிறது. இதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஊரில் அப்பா நடத்திய ஒரு மணி நேரக் குடும்ப ஜெபம் என் வீட்டில் நடப்பதில்லையே என்று பல வருடம் குற்றவுணர்வோடு இருந்தவள் நான். மூன்று விதமான கடமை நேரம் உள்ளவளுக்கு எந்த ஏழு மணி? இப்போது இரவுக் கடமை என்றால், புறப்படுமுன் சப்பாத்தைப் போட்டபடியே வாசலில் நின்று நால்வரும் ஜெபிக்கிறோம். மூன்று நிமிடம்.

லூதர் வீட்டில் எப்போதும் அமைதி இருந்தது என்று எண்ண வேண்டாம். 1527இல் கொள்ளைநோய் வந்தபோது பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். இவர்கள் நின்றார்கள், வீடே வைத்தியசாலை ஆனது. கத்தரீனா அப்போது கர்ப்பவதி. டிசம்பரில் பிறந்த எலிசபெத், ஒரு வயதாகுமுன் இறந்துபோனாள். கொரோனா காலத்தில் வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தொடாமல் நேரே குளியலறைக்குப் போன நாட்களில் இந்தத் தாயை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

1542இல் 13 வயது மக்தலேனா நோயுற்றாள். அண்ணன் ஹான்ஸைப் பார்க்க ஆசைப்பட்டாள். தோர்காவில் படித்துக்கொண்டிருந்தவனை அழைத்துவர வண்டி அனுப்பினார்கள். அவன் நான்கு வயதாயிருந்தபோது, ஆப்பிளும் செர்ரியும் பறித்து, சின்னக் குதிரைகளில் ஏறி விளையாடும் பிள்ளைகள் நிறைந்த தோட்டம் ஒன்றைப் பற்றித் தகப்பன் கடிதம் எழுதியிருந்தார். நன்றாக ஜெபித்துப் படித்தால் நீயும் அங்கே போகலாம் என்று. இப்போது தங்கை முந்திக்கொண்டாள். தகப்பனின் கைகளிலேயே உயிர் போயிற்று. அவ்வளவு பிரசங்கித்தவர், நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் மனம் வரவில்லை என்று நண்பருக்கு எழுதினார். மரண வேளைகளில் நானும் பல குடும்பங்களோடு நின்றிருக்கிறேன். அந்த உண்மையான வார்த்தைக்காகவே லூதரை எனக்குப் பிடிக்கும்.

1546 ஜனவரியில் அவர் ஐஸ்லேபனுக்குப் பயணமானார். கத்தரீனா நித்திரையின்றிக் கவலைப்பட்டார். கவலைப்பட வேண்டாம் என்று லூதர் கேலியாகக் கடிதம் எழுதினார். பெப்ரவரி 18ஆம் திகதி அங்கேயே இறந்தார். தாதியாகச் சொல்கிறேன், மனைவி கவலைப்பட்டது சரி.

அந்த வாசல் இருக்கையில் இருவரும் சேர்ந்திருக்க ஆறு வருடம்கூடக் கிடைக்கவில்லை. மகள் ஒரு கல்லிலும் நான் எதிர்க்கல்லிலும் கொஞ்ச நேரம் இருந்தோம். கொண்டுபோன இடியப்பப் பெட்டியைத் தம்பி எங்கே வைத்தான் என்று தேடும்வரை.