இற்செறிப்பும் பள்ளிக்கூடமும்

'பள்ளி' என்ற சொல் நமக்குச் சமணர்களிடமிருந்து வந்தது. துறவிகள் படுத்த இடம், தங்கிய இடம், பின்னால் அவர்கள் பாடம் சொன்ன இடம். இன்று அதே சொல் தமிழ் முஸ்லிம்களுக்குத் தொழுமிடம், மற்றவர்களுக்குப் பிள்ளைகள் படிக்கும் இடம். சமயம் வெளியேறிய பின் மிஞ்சி நிற்கும் கட்டடம்தான் பள்ளிக்கூடம் என்று ஒருவர் சொன்னால், சொல்லின் வரலாறு அவர் பக்கம்தான். இதை எடுத்துக்கொண்டு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சமய நம்பிக்கையின் பேரில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது அமெரிக்கச் சரக்கு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். காரைக்கால் கடற்கரையில் அதற்கு வயது அதிகம்.

காரைக்காலின் முதல் கவி ஒரு பெண். புனிதவதி என்ற வணிகர் மகள் எங்கே படித்தாள் என்று சேக்கிழார் சொல்லவில்லை. மணல் விளையாட்டிலும் அவள் வாயில் இறைவன் பேச்சே வந்தது என்கிறார். பிறகு வீட்டைவிட்டு வெளியே போகாத பருவம் வந்தது, மணம் பேச ஆள் வந்தது என்று போய்விடுகிறார். அகத்துறையில் இற்செறிப்பு என்று இலக்கணமிட்ட அதே விஷயம். ஆனால் அந்த வீட்டுக்குள்ளிருந்து 101 வெண்பாக்கள் கொண்ட ஓர் அந்தாதி, வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறிமாறி வரும் 20 பாடல்கள், திருவாலங்காட்டின் மேல் இரண்டு பதிகங்கள் வந்திருக்கின்றன. யாப்பு தெய்வ சங்கல்பத்தால் வந்துவிடாது. யாரோ கற்பித்திருக்கிறார்கள், அல்லது யாருக்கோ கற்பித்ததை அவர் காதில் வாங்கியிருக்கிறார். அம்மையாரோ அந்தாதியின் தொடக்கத்தில், தான் மொழி கற்றதையும் பக்தி கொண்டதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நம்பிக்கையே பாடத்திட்டமாக இருந்த ஒரு வீட்டின் சாட்சியமாக அதை எடுத்துக்கொள்ளலாம். (இன்று காரைக்காலில் உள்ள அரசு மகளிர் கல்லூரிக்கு அவ்வையார் பெயர்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரியை விட்டுவிட்டார்கள்.)

வீடு, பள்ளி என்று எதிரெதிராக இரண்டு உண்டு என்ற பிரக்ஞை இந்தக் கரைக்கு ஐரோப்பியர்களோடு வந்தது. தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் மூன்றும் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். தரங்கம்பாடியில் 1620இலிருந்து டேனிஷ்காரர்கள். காரைக்காலில் 1739இலிருந்து பிரெஞ்சுக்காரர்கள். நாகூர் பிற்பாடு ஆங்கிலேயரிடம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஸீகன்பால்கு மறு ஆண்டே பெண்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். பெண்கல்வி வரலாற்றில் இதைப் பெருமையாகக் குறிப்பிடுகிறோம், நியாயம்தான். ஆனால் தெருவிலிருந்து பார்த்தவனுக்கு அது வேதத்துக்கு ஆள் சேர்க்கும் இடம். வந்தவரும் அதை மறைக்கவில்லை. பள்ளிக்கு அனுப்ப மறுத்த குடும்பம் கல்வியை மறுத்தது என்று எழுதுவது மிஷன் அறிக்கையை அப்படியே வரலாறாக ஏற்பதாகும். ஒரு சமயம் நடத்திய பள்ளியை இன்னொரு சமயம் வீட்டுத் திண்ணையில் நின்று எதிர்த்தது, நடந்தது அவ்வளவுதான்.

பிராமணர் வீடுகளில் இந்த மோதல் சீக்கிரம் தீர்ந்தது. அத்தியயனம் ஆண்பிள்ளைக்குரியது. அவனால் காலையில் சந்தை சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு இங்கிலீஷ் பள்ளிக்கும் போக முடிந்தது. பெண்ணுக்குப் பூப்புக்கு முன்பே கல்யாணம். 1929இல் சாரதா சட்டம் வந்தபோது, ஆங்கில இந்தியாவின் அந்தச் சட்டம் செல்லாத பிரெஞ்சு எல்லைக்குள் போய்ப் பால்ய விவாகத்தை நடத்தித் திரும்பியவர்கள் உண்டு. சாஸ்திரத்துக்கு இரண்டு ஐரோப்பிய அரசுகளின் எல்லைக்கோடு இப்படி உதவியது.

மரைக்காயர் வீடுகளின் கதை வேறு. இவர்கள் கப்பல் வணிகர்கள். ஆண்கள் மலாய்க் கரைக்கும், பிரெஞ்சுக் கொடி வந்தபின் சைகோனுக்கும் போனார்கள். வீடு பெண்களிடம் இருந்தது. அந்த வீட்டில் ஒரு கல்வி நடந்தது. தமிழில் அதற்குப் பெயர் 'ஓதுவது'. 'படிப்பது' அல்ல. வேதத்துக்கும் தேவாரத்துக்கும் குர்ஆனுக்கும் பொதுவாக நாம் வைத்திருக்கும் வினை அது. பொருள் தெரிந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஒலி பிசகக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. தெருவில் ஓதத் தெரிந்த ஒரு மூத்த பெண்ணின் வீட்டில் சிறுமிகள் கூடினார்கள். பெரியவளானதும் அந்த நடையும் நின்றது. மிச்சம் தன் வீட்டு முற்றத்தில்.

இந்த வீட்டுக் கல்விக்கு ஒரு லிபி இருந்தது என்பதை நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. அரபுத்தமிழ்: தமிழ் மொழி, அரபி எழுத்து, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிச் செய்துகொண்ட சில புது எழுத்துக்கள். குர்ஆனுக்காக எழுத்தைக் கற்ற ஒரு பெண், அதே எழுத்தில் தன் பேச்சு மொழியையே படிக்க முடிந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தொழுகை, நோன்பு, தூய்மை, கொடுக்கல் வாங்கல் பற்றிய சட்டங்களை 'ஃபத்ஹுத் தய்யான்' என்று இந்த லிபியில்தான் எழுதினார். அரபுத்தமிழ் நூல்கள் கல்லச்சில் வந்து கடலோர ஊர்களில் பரவின. பொருள் புரியாத ஓதலுக்கும் பொருள் புரிந்த வாசிப்புக்கும் நடுவில் இப்படி ஒரு பாலம், அதுவும் வீட்டுக்குள்ளேயே. இதைப் படிப்பில்லாமை என்று எப்படிச் சொல்வது?

ஸர்க்கார் சொன்னது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவுக்கு வைத்த அளவுகோல், நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும் வரும் பதிலைப் படிக்கவும் முடிய வேண்டும் என்பது. வாசிக்க மட்டும் தெரிந்தவள் அதில் தற்குறி. அந்த அளவுகோலை ஏகாதிபத்திய அறியாமை என்று தள்ளிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது தற்செயலாக ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறது. பெண்ணுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்து எழுதச் சொல்லிக் கொடுக்காமல் விடுவது எல்லாச் சமயத்து வீடுகளிலும் இருந்த வழக்கம். எழுதக் கற்றால் யாருக்காவது எழுதுவாள். வாசிப்பு உள்ளே வருவது, எழுத்து வெளியே போவது. இற்செறிப்பின் தர்க்கத்துக்கு முதலாவது சம்மதம், இரண்டாவது இல்லை.

இந்த இடத்தில் காரைக்காலின் எஜமானர்களைப் பார்க்க வேண்டும். மதச்சார்பற்ற கட்டாயக் கல்விக்கு உலகமே உதாரணம் காட்டும் 1882 மார்ச் 28 பிரெஞ்சுச் சட்டத்தின் நான்காவது பிரிவு, கல்வி கட்டாயம் என்கிறது, பள்ளி கட்டாயம் என்று சொல்லவில்லை. குடும்பத் தகப்பனோ அவன் தேர்ந்தெடுத்த எவருமோ வீட்டிலேயே கற்பிக்கலாம். பிள்ளை ஆண்டுதோறும் ஒரு பரீட்சை கொடுத்தால் போதும். சமய போதனைக்கென்று ஞாயிறு தவிர இன்னொரு நாளும் விடுமுறை விட்டார்கள். கத்தோலிக்கத் தகப்பன்மாரைச் சமாதானப்படுத்தச் செய்த ஏற்பாடு என்று எளிதில் ஊகிக்கலாம். 2020 அக்டோபரில் மக்ரோன் ஒரு பேச்சில் வீட்டுக்கல்வியை நிறுத்தப்போவதாக அறிவித்தார். 2021 ஆகஸ்ட் 24 சட்டம், வீட்டில் கற்பிக்க இனி அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. நோய், விளையாட்டு அல்லது கலைப்பயிற்சி, ஊர் ஊராகப் போகும் பிழைப்பு, பிள்ளையின் தனிப்பட்ட நிலைமை: அனுமதிக்கான காரணங்கள் இவை. நம்பிக்கை அதில் இல்லை. கத்தோலிக்கத் தகப்பனுக்காக 1882இல் திறந்து வைத்த கதவை, முஸ்லிம் தகப்பனை மனதில் வைத்து 139 ஆண்டு கழித்துப் பாதி சாத்தினார்கள் என்று பிரான்ஸிலேயே சொல்பவர்கள் இருக்கிறார்கள். மறுப்பது சிரமம்.

இந்தியா வழக்கம்போல் வாய் திறக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 2012 திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அதன் பிடியிலிருந்து விடுவித்தது. வீட்டில் கற்பிக்கும் தகப்பனைப் பற்றி அதில் பேச்சில்லை. திறந்தநிலைப் பள்ளியில் பரீட்சை எழுதிவிடலாம் என்பதால் யாரும் வற்புறுத்திக் கேட்கவுமில்லை.

இந்த விவாதங்கள் எல்லாவற்றிலும் பேசுகிறவர்கள் இருவர்: அரசு, தகப்பன். அமெரிக்காவில் வீட்டுக்கல்விக்காரர்கள் துணைக்கு அழைக்கும் 1972ஆம் ஆண்டு யோடர் வழக்கும் அப்படித்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கு அனுப்புவது தங்கள் சமயத்துக்கு விரோதம் என்றனர் ஆமிஷ் பெற்றோர். உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. டக்ளஸ் என்ற ஒரு நீதிபதி மட்டும் ஓரளவு மாறுபட்டார். பிள்ளையைக் கேட்டீர்களா என்றார். அது பியானோக்காரனாகவோ விண்வெளி வீரனாகவோ ஆக விரும்பலாமே என்றார். வழக்குக்குரிய மூன்று பிள்ளைகளில் ஒருத்தி மட்டுமே சாட்சி சொல்லியிருந்தாள்.

நம் வட்டத்தில் இல்லிச்சின் 1971ஆம் ஆண்டு நூலைப் படித்துவிட்டுப் பள்ளி என்ற ஸ்தாபனத்தின் மேல் கல்லெறிபவர்கள் உண்டு. பள்ளியால் கெட்டவர்கள் நாம் எல்லோரும்தான்; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பள்ளியிலிருந்து வெளியேறுவது ஒன்று. வெளியே வைக்கப்படுவது மற்றொன்று. காரைக்காலுக்குத் தெற்கே நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார், உ.வே.சாமிநாதையர் முன்னுரை தந்தார். பள்ளி இல்லாமலே பார் எவ்வளவு என்று வியக்கிறோம். அந்த வீட்டில் புத்தகம் இருந்தது என்பதற்கு அவர் சாட்சி. புத்தகம் இருந்தும் எழுத வராமல், அல்லது எழுத விடாமல், மற்ற வீடுகளில் இருந்தவர்களுக்குச் சாட்சியே கிடையாது. ஒருத்தி தப்பித்ததை வைத்து வீட்டை மெச்சுவது விமர்சனமாகாது.

இந்தக் கடற்கரைக்கு வெளியிலும் காலத்தால் நமக்கு அருகிலும் இதே கதை உண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த சல்மா பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டார். 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தது. அதற்கு முன்பே கவிதைகள் வெளியே வந்துகொண்டிருந்தன. வாசிப்பு உள்ளே வரலாம், எழுத்து வெளியே போகக்கூடாது என்ற பழைய ஏற்பாடு அங்கும் இருந்தது. எழுதிய தாள்களை யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பித்தது அவருடைய தாய்.