எழுபத்திரண்டு தென்னைகளும் ஒரு தந்தையின் பெயரும்



மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர் ஒன்றில் இரண்டு வீட்டார் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஒரே சஹனில் அமர்ந்து உண்டதில்லை. அவற்றுள் ஒன்று எங்கள் வீடு. பள்ளியில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுவார்கள். நிக்காஹ் விருந்து என்றால் ஆளுக்கொரு மூலையில் அமர்வார்கள். காரணம், எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தந்தை யாருடைய மகன் என்ற கேள்வி.

அவர் அவ்வூர் மரைக்காயர் ஒருவரின் வீட்டில் வளர்ந்தவர். அந்த மரைக்காயரின் தென்னந்தோப்பில் ஒரு பகுதி அவருக்கு வந்தது. "எங்கள் முன்னவர் மரைக்காயரின் சொந்த மகன், மகனுக்குரியது மகனுக்கு வந்தது" என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சு. "எங்கிருந்தோ வந்த பிள்ளை, எங்கள் பாட்டிமாரின் பங்கைத் தின்றுவிட்டது" என்பது மரைக்காயருடைய பெண்மக்களின் வழிவந்தோரின் பேச்சு. எவரிடமும் சான்று இல்லை. இரு தரப்பிலும் உரத்த குரல் மட்டும் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பரணிலிருந்த தகரப் பெட்டியில், பழைய வழக்கு ஒன்றில் தாக்கலாகித் திரும்பிவந்த ஆவணக் கட்டு ஒன்று கிடைத்தது. இராமநாதபுரம் ஜமீன் காலத்துக் காகிதங்கள். அவற்றை வாசித்து அறிந்ததை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். இரு குடும்பத்தாரும் இன்றும் வாழ்கின்றமையால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

வம்சம் ஏன் முக்கியம்?

வம்சப் பெருமையை இஸ்லாம் வேரறுத்தது. ஆயினும் வம்சத்தைப் பற்றிய உண்மையை அது காத்தது. இவ்விரண்டையும் நாம் பலவேளை குழப்பிக்கொள்கிறோம். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கக் கட்டளையிடுகிறது. தந்தையர் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் நம் சகோதரர்கள், நம்மைச் சார்ந்தவர்கள் என்று அடுத்த சொல்லிலேயே அவர்களை அணைத்துக்கொள்கிறது. நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய ஸைத் (ரலி) அவர்கள், முஹம்மதின் மகன் ஸைத் என்று அழைக்கப்பட்டுவந்தார்கள். இக்கட்டளைக்குப் பின் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார்கள். பெயர் மாறியது, அன்பு மாறவில்லை.

ஆகவே எங்கள் முன்னவரின் தந்தையைத் தேடியதை வீண் ஆராய்ச்சி என்று நாங்கள் கருதவில்லை. தவறான தந்தையின் பெயரால் ஒருவரை மூன்று தலைமுறையாக அழைத்து வந்திருந்தால், அதைத் திருத்துவது எங்கள் கடமை.

சேதுபதிச் சீமையில் இதே கேள்வி

யார் யாருடைய மகன் என்ற கேள்வி இச்சீமையின் அரசியலையே மாற்றியிருக்கிறது. கிழவன் சேதுபதி 1710இல் மறைந்தார். அவருடைய மகன் பவானி சங்கரத் தேவர், அரசுரிமைக்குரிய பிரிவைச் சேராத மனைவியின் வயிற்றில் பிறந்தவர் என்பதால் ஒதுக்கப்பட்டார். பின்னாளில் அவர் இராமநாதபுரத்தைக் கைப்பற்றினார். 1730 வாக்கில் கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் தஞ்சைப் படையின் துணையோடு அவரை வீழ்த்தினர். அதன் விளைவாகவே சேதுநாடு பிளந்து சிவகங்கைச் சீமை தனியே உருவாயிற்று.

கும்பினி ஆட்சியில் நாடு ஜமீனாயிற்று. 1795இல் முத்துராமலிங்க சேதுபதி பதவி நீக்கப்பட்டார். 1803இல் அவருடைய தமக்கை மங்களேஸ்வரி நாச்சியாரின் பெயரில் நிரந்தரச் சன்னது வழங்கப்பட்டது. அவருக்குப் பின் வந்த அண்ணாசாமி, அவர் தத்தெடுத்த பிள்ளை. பிற்காலத்து இராமசாமி சேதுபதி 1830இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். அவருடைய மனைவி பர்வதவர்த்தினி நாச்சியார் 1847இல் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதி இல்லாத தத்து செல்லுமா என்று மதுரை கலெக்டர் தரப்பு வழக்காடியது. அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கணவர் அனுமதி தராதபோதும், அவருடைய உறவினரின் சம்மதத்துடன் விதவை தத்தெடுப்பது தென்னாட்டில் செல்லும் என்று 1868இல் தீர்ப்பாயிற்று. நிலைபெற்ற வழக்காறு தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டால் அது சட்ட நூலின் வாசகத்தையும் விஞ்சும் என்று அத்தீர்ப்பு கூறியது; இந்துச் சட்டம் பயில்வோர் இன்றும் அதைப் படிக்கின்றனர்.

இவ்வரலாற்றை இங்கே கூறக் காரணம் உண்டு. ஜமீன் கணக்குகளை எழுதிய கணக்குப்பிள்ளைகள் இந்த மரபில் வந்தவர்கள். அவர்கள் அறிந்த உலகில் ஒருவர் எடுத்து வளர்த்த பிள்ளை அவருக்கு மகன், சொத்துக்கும் வாரிசு. நமது ஷரீஅத்தில் வளர்ப்பால் வம்சமும் வராது, வாரிசுரிமையும் வராது. முஸ்லிம் வீட்டின் கணக்கை அவர்கள் எழுதும்போது தாம் அறிந்த சொல்லையே இட்டார்கள். எங்கள் கட்டிலிருந்த ஒரு கணக்கில் எங்கள் முன்னவர் "மரைக்காயர் மகன்" என்றே இருந்தார். எங்கள் பெரியவர்கள் பிடித்துக்கொண்ட சொல் அதுவே என்பது அப்போதுதான் விளங்கியது.

ஏடுகளை வாசிக்கும் முறை

பழைய காகிதத்தை எடுத்தவுடன் ஆண்டைக் கண்டறிய வேண்டும். ஜமீன் கணக்குகள் பசலியில் உள்ளன. பசலியுடன் 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். பசலி 1287 என்பது 1877 ஜூலை முதல் 1878 ஜூன் வரை. தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிய காலம் அது.

அடுத்தது பெயர். ஷெய்கு அப்துல் காதிர் என்ற பெயரே மக்கள் நாவில் சீதக்காதி ஆயிற்று என்பர். கீழக்கரை வள்ளலின் பெயரே இப்படித் தேயுமானால் சாதாரணக் குடியானவரின் பெயர் கணக்குப்பிள்ளையின் எழுத்தில் என்னவாகும்? ஒரே மனிதர் மூன்று ஏடுகளில் மூன்று பெயர்களில் வருவார். பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் மூன்று மனிதர் ஒரே பெயரில் வருவதும் உண்டு. பட்டங்களையும் நம்ப இயலாது. சீதக்காதி வள்ளல் தாங்கிய "விஜய ரகுநாத" என்ற பட்டம் சேதுபதி தந்த சிறப்பு. அதற்கும் இரத்த உறவுக்கும் தொடர்பில்லை.

மூன்றாவது, வீடு. நம் கடற்கரையில் மணமகன் மனைவி வீட்டில் வாழ்வது பரவலான வழக்கம். ஆதலால் பிள்ளைகள் தாய்வழிப் பாட்டனாரின் வீட்டுப் பெயரால் அறியப்படுவார்கள். ஏட்டில் ஒரு வீட்டின் பெயரோடு ஒருவர் இருப்பதால் மட்டும் அவர் அவ்வீட்டு ஆண்மகனின் பிள்ளை ஆகிவிட மாட்டார்.

எழுபத்திரண்டு மரங்கள்

இனி எங்கள் கட்டுக்கு வருவோம். பசலி 1284 மரவரிக் கணக்கில் தோப்பு முழுவதும், அதாவது 72 தென்னைகள், மரைக்காயரின் ஒரே பெயரில் உள்ளன. பசலி 1287இல் அவர் பெயர் இல்லை. அவ்விடத்தில் ஐந்து பெயர்கள். அவருடைய மனைவிக்கு 6 மரங்கள். இரு பெண்மக்களுக்குத் தலைக்கு 16. மரைக்காயரின் தம்பிக்கு 10. எங்கள் முன்னவருக்கு 24. உறவுமுறை எதுவும் எழுதப்படவில்லை; இரு வீட்டாரும் ஒப்புக்கொள்ளும் செவிவழிச் செய்தியால் அவற்றை அறிந்தோம்.

பல நாட்கள் இப்பட்டியலை வெறும் பட்டியலாகவே பார்த்தோம். ஒருநாள் மதரஸாவில் மாணவர்களுக்கு ஃபராயிள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மகன் இருந்தால் மய்யித்தின் சகோதரருக்குப் பங்கில்லை என்ற விதியைக் கரும்பலகையில் எழுதினோம். எழுதிய கை நின்றுவிட்டது. தம்பிக்கு 10 மரம் எப்படி வந்தது?

அன்றிரவு கணக்கிட்டோம். எங்கள் முன்னவர் மகனாக இருந்திருந்தால் 72இல் எட்டில் ஒன்றான 9 மனைவிக்கு. மீதி 63இல் மகனுக்கு முப்பத்தொன்றரை, பெண்மக்களுக்குத் தலைக்குப் பதினைந்தே முக்கால். தம்பிக்கு ஒன்றுமில்லை. ஏட்டில் உள்ள எண்ணோடு இவற்றுள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மகன் அல்லர் என்று வைத்துப் பார்ப்போம். ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒன்றுக்கு மிகாமல், வாரிசல்லாத ஒருவருக்கு வஸிய்யத் செய்யலாம். 72இல் மூன்றில் ஒன்று 24. எஞ்சிய 48இல் மனைவிக்கு எட்டில் ஒன்று, 6. இரு பெண்மக்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, 32, தலைக்கு 16. மீதி 10 மரைக்காயரின் தம்பிக்கு. ஐந்து எண்களும் ஒரு மரம்கூடப் பிசகாமல் பொருந்தின.

அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களை அறிந்த ஓர் ஆலிமோ லெப்பையோ அந்தப் பஞ்ச காலத்தில் அமர்ந்து இப்பங்கீட்டைச் செய்திருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை தான் அறியாமலே அதை ஏட்டில் ஏற்றிவிட்டார். "மகன்" என்ற சொல் தவறாக இருக்கலாம். ஐந்து எண்கள் ஒருசேரத் தற்செயலாக அமைவது அரிது.

அங்கீகாரம் இருந்ததா?

இன்னும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. தந்தை யாரெனத் தெரியாத பிள்ளையை ஒருவர் "இவன் என் மகன்" என்று உரிய நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டால் வம்சம் நிலைபெறும் என்பது ஃபிக்ஹில் உள்ள இக்ரார் சட்டம். 1888இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் முஹம்மது அல்லாஹ்தாத் கான் வழக்கில் இதுவே கேள்வி. குலாம் கௌஸ் கானின் மூத்த மகன் தாம் என்றார் வாதி. தாயின் திருமணத்துக்கு முன்பே பிறந்த மாற்றான் பிள்ளை என்றது எதிர்த்தரப்பு. சர் ஸையித் அஹ்மத் கானின் மகனான நீதிபதி ஸையித் மஹ்மூத் ஃபிக்ஹ் நூல்களை ஆராய்ந்து, தந்தை யாரென்பது ஐயமாக உள்ளபோது மட்டுமே இக்ரார் செல்லும் என்றார். வேறொருவரின் பிள்ளை என்று தெரிந்திருந்தால் எத்தனை முறை "மகனே" என்று அழைத்தாலும் வம்சம் மாறாது. அவ்வழக்கில் ஐயம் உண்மையாகவே இருந்தது, இறந்தவர் தம் வாழ்நாளில் வாதியை மகனாக ஏற்றிருந்தார், வாதி வென்றார்.

எங்கள் முன்னவருக்கு அப்படி ஓர் இக்ரார் இருந்ததா? கட்டின் கடைசிக் காகிதம் விடை தந்தது. அது பசலி 1297இன் முச்சலிக்கா. ஜமீன் தருவது பட்டா. குடியானவர் தம் பங்குக்கு எழுதித் தருவது முச்சலிக்கா. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டும் கைமாற வேண்டும். ஆகவே முச்சலிக்காவில் இருப்பது குடியானவரின் சொந்த வாக்குமூலம். அதன் அடியில் எங்கள் முன்னவர் அரபுத்தமிழில் கையொப்பமிட்டிருக்கிறார். தம் பெயர், பின் "இப்னு", பின் மரைக்காயருடையது அல்லாத வேறொரு பெயர். தமிழ் வாசகத்தில் அதே பெயர், "பாம்பன்" என்ற அடையோடு.

பாம்பனிலிருந்து தோணியேறிச் சென்று திரும்பாத ஒருவரின் பிள்ளை என்று எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் கூறுவதுண்டு என்று கேட்டிருக்கிறோம். ஏளனத்துக்காகச் சொல்லப்பட்ட பேச்சாக அதைத் தள்ளிவந்தோம். தோணி பற்றிய செய்தியை எந்த ஏடும் கூறவில்லை. பெயரையும் ஊரையும் ஏடு கூறிவிட்டது.

அப்பெயரை அந்தச் சிறுவனின் நினைவில் காத்தவர் யார்? மரைக்காயருக்கு ஆண்பிள்ளை இல்லை. தம் பெயரைச் சிறுவனுக்கு இட்டுக்கொண்டிருந்தால் ஊரில் எவரும் தடுத்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் அச்சிறுவன், பெற்ற தந்தையின் பெயரை எழுதத் தெரிந்தவனாக வளர்ந்தான். வாரிசாக்க இயலாதவனுக்கு மார்க்கம் அனுமதித்த எல்லை வரை, மூன்றில் ஒரு பங்கை, முழுமையாகத் தந்துவிட்டே அவர் சென்றார். இறைவசனத்தின் இரு பாதிகளையும் அம்மனிதர் நிறைவேற்றினார். மறந்தவர்கள் நாங்கள்.

இரு வீட்டுக்கும் தெரிவித்தது

கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எதிர்வீட்டுப் பெரியவரிடம் சென்றோம். "மாமா, நீங்கள் சொன்னது சரி, எங்கள் முன்னவர் மரைக்காயரின் மகன் அல்லர். ஆனால் அவர் எவர் பங்கையும் தின்னவில்லை" என்றோம். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களை இருமுறை கூட்டிப் பார்த்தார். "பதினாறும் பதினாறும் எங்கள் பாட்டிமாருக்குக் குறைவில்லாமல்தான் வந்திருக்கிறது" என்றார். வேறொன்றும் கூறவில்லை. எங்கள் வீட்டிலோ, மரைக்காயரின் இரத்தம் என்ற பெருமையை விட மனமில்லாத சிலர் இன்றும் எங்களோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

இராமநாதபுரம் சீமையிலேயே பனையூரில் பிறந்த கான் சாஹிப் முஹம்மது யூசுப் கானின் பிறப்பு வழியைப் பற்றி இன்றும் பல கூற்றுகள் உண்டு. 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்ட அவரை வரலாறு அவருடைய செயல்களாலேயே நினைக்கிறது. மறுமையில் நம் எல்லோருக்கும் அவ்வாறே.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது எத்தனையோ வீடுகளின் பெட்டிகளும் சென்றன. எஞ்சியுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டா, முச்சலிக்கா, பாகப்பத்திரம், ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் உருவாயிற்று. அதற்கு முந்தைய அரசுக் காகிதங்களை மதுரை மாவட்டத்தின் பெயரில் தேடுங்கள். ஒற்றைச் சொல்லை நம்பி எவரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டாம்.

சென்ற ஷவ்வாலில் எங்கள் ஊரில் ஒரு நிக்காஹ் நடந்தது. சஹன் வைத்தபோது அப்பெரியவர் தமக்கு அருகிலிருந்த இடத்தைக் கையால் தட்டிக்காட்டினார். நாங்கள் சென்று அமர்ந்தோம். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரே தட்டில் கை வைத்தோம்.

அல்லாஹ் அந்த மரைக்காயருக்கும், பாம்பனின் அந்தத் தந்தைக்கும் தன் அருளைச் சொரிவானாக. ஆமீன்.