தண்டவாளத்தின் கதை – 7: நாலு பேர் உட்கார எத்தனை அடி?

சென்ற வாரம் ராயபுரத்தில் நிறுத்தியிருந்தோம். 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோடு கிளம்பிய ரயில் ஓடியது, 5 அடி 6 அங்குல அகலப் பாதையில். இங்கிலாந்தின் பாதையோ 4 அடி 8½ அங்குலம்தான். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு 6 அடி கேட்டார்; பேரம் படிந்தது ஐந்தரையில். இங்கிலாந்தில் இரண்டு கேஜ்கள் (பாதை அகலங்கள்) முட்டி மோதிய காலத்தில் வர்த்தக வாரியத்தில் இருந்தவர் அவர். அந்தச் சண்டை இங்கே வேண்டாம், நாடு முழுக்க ஒரே பாதை என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

அந்தப் பிடிவாதம் இருபது வருஷம்கூட நிலைக்கவில்லை. காரணம், பணம். ரயில் கம்பெனிகளுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம் தந்திருந்தது அரசு. லாபம் வராவிட்டாலும் வட்டி கட்டியாக வேண்டும். 1869-ல் வைஸ்ராயாக வந்த மேயோ பிரபு கணக்கைப் பார்த்தார். இனி அரசே பாதை போடட்டும், அதுவும் மலிவாக என்றார். எவ்வளவு மலிவு? நிபுணர்களில் சிலர் 2 அடி 9 அங்குலம் போதும் என்றார்கள். பொறியாளர் ஃபவுலர் 3 அடி 6 அங்குலம் கேட்டார்.

மேயோ கணக்கைப் பெட்டியிலிருந்து தொடங்கினார். பெஞ்சில் நாலு பேர் வரிசையாக உட்கார 6 அடி 6 அங்குலம் வேண்டும். ஆளுக்கு 19½ அங்குலம். (பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் சிரிக்க வேண்டாம்.) அதில் பாதி பாதையின் அகலம்: 3 அடி 3 அங்குலம். மெட்ரிக் அளவுகள் சீக்கிரமே வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில், இன்னும் கொஞ்சம் நீட்டி ஒரு மீட்டர் ஆக்கினார்கள். தண்டவாளத்துக்கு வந்த மீட்டர் நம் ஜவுளிக்கடைக்கு வர 1958-க்கு மேல் ஆயிற்று!

சிக்கனம் என்ற அளவில் மேயோவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் கணக்குப் போட்ட பெட்டி அந்த அளவில் நிற்கவில்லை. பிற்கால மீட்டர் கேஜ் பெட்டிகளின் அகலம் சுமார் 9 அடி. பாதையைப் போல இரண்டே முக்கால் மடங்கு. அகலப் பாதையில் பெட்டி 3.25 மீட்டர், பாதை 1.676 மீட்டர்; இரண்டு மடங்குக்கும் குறைவு. பழைய எழும்பூர் மீட்டர் கேஜ் வண்டிகளில் தூங்கியவர்களுக்கு, ஒடுங்கிய பாதையில் அகலப் பெட்டி போட்ட ஆட்டம் ஞாபகம் இருக்கும். தொட்டில் என்று சொன்னவர்களும் உண்டு, தலைசுற்றல் என்று சொன்னவர்களும் உண்டு.

தென்னாட்டில் கூத்து இன்னும் பெரியது. நாகப்பட்டினம் – திருச்சி பாதை 1860-களில் அகலமாகவே போடப்பட்டது. 1874-ல் தென்னிந்திய ரயில்வே உருவானதும் அதைப் பெயர்த்து மீட்டர் பாதையாக்கினார்கள். நம் காலத்தில் மறுபடி பெயர்த்து அகலமாக்கியிருக்கிறோம். இலங்கையோ தொடக்கம் முதலே 5 அடி 6 அங்குலம். அதனால் போட் மெயில் பயணி எழும்பூரில் மீட்டர் கேஜில் ஏறி, பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே அகலப் பாதை வண்டியில் ஏறினார். பாதை மாறும் இடத்தில் எல்லாம் மூட்டை இறக்கி ஏற்றும் கூலி, நேரம், உடைசல். மேயோவின் மலிவுக் கணக்கில் இந்தச் செலவுக்குப் போதுமான இடம் இல்லை.

1992-ல் மீட்டர் பாதைகளை அகலமாக்கும் ஒரே பாதைத் திட்டம் வந்தது. 1931 முதல் மின்சார ரயில் ஓடிய கடற்கரை – தாம்பரம் தடத்தில், 2004 ஜூலை 1-ம் தேதியோடு மீட்டர் கேஜ் முடிந்தது. டல்ஹவுசி ஒருவழியாக ஜெயித்தார் என்று எழுதலாம்தான். ஆனால் சென்னை மெட்ரோ ஓடுவது அவர் வேண்டாமென்ற அதே 4 அடி 8½ அங்குலத்தில்.

மேயோவின் மீட்டரும் அழிந்துவிடவில்லை. ஊட்டி போகிறவர்கள் இன்றைக்கும் மேட்டுப்பாளையத்தில் அகலப் பாதை வண்டியை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மீட்டர் கேஜ் மலை ரயில் நிற்கும் மேடைக்கு நடக்கிறார்கள்.

(பயணம் தொடரும்)