காற்றை எதிர்த்த கார்கள்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட நாட்டிலே வெதுருகுப்பம் என்றோர் ஊர் உண்டு. தெலுங்கில் ‘வெதுரு’ என்றால் மூங்கில். பழந்தமிழில் ‘வெதிர்’ என்றாலும் மூங்கிலே. ‘குப்பம்’ இரு மொழியாருக்கும் பழகிய சொல். அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழன்பர்களும், தாயகம் விட்டு வேறு மாநிலங்களில் வாழும் ஏனைய நேயர்களும் மூங்கிலின் இயல்பை நன்கு அறிவார்கள். அது உள்ளீடு இல்லாதது, எடை குறைந்தது, ஆயினும் பாரம் தாங்கும், எளிதில் முறியாது. நிலத்தின்மீது மிக விரைவாக ஓடும் கார்களைப் பற்றிய இந்தக் கட்டுரையை மூங்கிலைக் கொண்டு தொடங்குவது ஏன் என்பது இறுதியில் விளங்கும்.

நிலத்தில் ஓடும் வண்டியின் வேகத்தை முறையாக அளந்து பதிவு செய்யும் வழக்கம் பிரான்சு நாட்டிலே பிறந்தது. 1898ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பாரிஸ் நகரை அடுத்த அஷேர் என்னுமிடத்தில், காஸ்தோன் ஷாஸ்லூ லோபா என்ற பிரபு மணிக்கு 63.15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காரை ஓட்டிக் காட்டினார். அது பெட்ரோல் வண்டியன்று, மின்கலங்களால் ஓடியது. மறு ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்சி, தாமே அமைத்த மற்றொரு மின்சாரக் காரில் 105.88 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். ‘ஒருபோதும் திருப்தி கொள்ளாதவள்’ என்பது அந்தக் காருக்கு அவர் சூட்டிய பெயர். வேகத்தை நாடியவர் அனைவருக்கும் அப்பெயர் பொருந்தும்.

ஜெனாட்சியின் கார் நீர்மூழ்கிக் குண்டு போன்ற கூரிய உடலுடன் அமைந்திருந்தது. காற்றைக் கிழித்துச் செல்லவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதே இருந்தது. ஆனால் ஓட்டுபவர் அந்த உடலுக்கு மேலே மார்பளவு வெளியே தெரிய அமர்ந்திருந்தார். சக்கரங்களும் வெளியே நின்றன. காற்று அவற்றில் மோதித் தடுத்தது. எதிரி இன்னார் என்று கண்டுகொண்டார். வெல்லும் வழியைப் பாதிதான் கண்டார் எனலாம்.

அந்த எதிரியின் பலம் எத்தகையது? வண்டியின் வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை வெல்ல எஞ்சின் தரவேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும். எனவே எஞ்சினை மேலும் மேலும் பெரிதாக்குவது மட்டும் போதாது. எஞ்சின் பெரிதானால் எடை கூடும். எடை கூடினால் டயர்கள் தாங்கா. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறுக்கே நிற்கும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதே வேகக் கார் அமைப்பவரின் வேலை.

பதிவு முறையிலும் ஒரு நியாயம் உண்டு. கார் ஒரு திசையில் ஓடிய பின், ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடவேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். பின்னால் வீசும் காற்றின் உதவியால் எவரும் புகழ் பெற்றுவிடலாகாது அன்றோ!

1935இல் ஆங்கிலேயரான மால்கம் காம்பெல், அமெரிக்காவின் போன்வில் உப்புப் படுகையில் 484.6 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அவருக்குப் பின் வந்த ஜான் காப் என்பவருக்காக ரீட் ரெயில்டன் என்ற நிபுணர் அமைத்த கார் தனிச் சிறப்புடையது. இரண்டு விமான எஞ்சின்கள். ஒன்று முன்சக்கரங்களையும், மற்றது பின்சக்கரங்களையும் இயக்கின. ஓட்டுபவர் காரின் மூக்கருகே அமர்ந்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் காற்றைத் தடுக்கும் என்பதால் அதையே நீக்கிவிட்டு, பனிக்கட்டி நிரப்பிய தொட்டியை உள்ளே வைத்தார் ரெயில்டன். ஓட்டம் சில நிமிடங்களே. அதற்குள் பனிக்கட்டி உருகித் தன் கடமையை முடித்துவிடும். 1947இல் அந்தக் கார் 634.4 கிலோமீட்டர் வேகம் கண்டது. தேவையற்றதை நீக்குவதே திறமை என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் இல்லை.

இந்தச் சரித்திரத்தில் துயரமும் உண்டு. 1927ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வேல்ஸ் நாட்டுப் பெண்டைன் கடற்கரையில், பாரி தாமஸ் என்ற பொறியாளர் தாமே செப்பனிட்ட காரை ஓட்டுகையில் விபத்துற்று உயிர்நீத்தார். அவருடைய காரை அந்த மணலிலேயே புதைத்தனர். 1969இல் அதைத் தோண்டி எடுத்துப் பழுது நீக்கி மீண்டும் ஓடச் செய்தனர். மால்கமின் மகன் டொனால்டு காம்பெல் 1960இல் போன்வில்லில் பெரும் விபத்திலிருந்து உயிர் தப்பினார். உடைந்த கார் திரும்பக் கட்டப்பட்டது. நேரே செல்ல உதவும் வால் துடுப்பும் சேர்க்கப்பட்டது. 1964இல் ஆஸ்திரேலியாவின் அயர் ஏரியில் அவர் 648.7 கிலோமீட்டரைக் கடந்தார்.

பின்னர் ஜெட் எஞ்சின்களின் காலம் வந்தது. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அமெரிக்காவின் பிளாக் ராக் பாலைவனத்தில், ‘திரஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் காரை ஆண்டி கிரீன் மணிக்கு 1,228 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். நிலத்தில் ஒலியின் வேகத்தை மிஞ்சிய முதல் கார் அதுவே; அந்தப் பதிவு இன்றும் முறியவில்லை. அதன் வடிவத்தை வகுத்த ரான் அயர்ஸ், தம் கணக்குகளைச் சரிபார்க்கச் சிறு மாதிரி வடிவங்களை ராக்கெட் வண்டியில் ஏற்றி ஓட்டினார். அந்தச் சோதனை நடந்ததும் பெண்டைனில்தான். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவரைப் பலிகொண்ட இடமே, மற்றொருவரைக் காக்கும் அறிவைத் தந்தது.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் விளையாட்டு, நமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை கோயம்புத்தூரில் இருக்கிறது.

நூற்பாலைகளும், வார்ப்படச் சாலைகளும், பம்புத் தொழிலும் செழித்த அந்நகரம் இயந்திரக் கைத்திறனுக்குப் பேர்போனது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, 1952இல் இருவர் அமரும் சிறிய காரொன்றைக் குறைந்த விலைக்கு உருவாக்கினார். அரசின் அனுமதி கிட்டாமையால் அது பெருகவில்லை. ஆயினும், கார் என்பது கப்பலில் வந்து இறங்கும் பொருள் மட்டுமன்று, நாமே செய்யத்தக்கது என்ற துணிவு அம்மண்ணில் ஊன்றியது.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட விமானத்தளம் ஒன்று இருந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் அங்கே கார்ப் பந்தயங்களை நடத்தியது. வெளிநாட்டுக் கார்களை வரவழைக்க வசதியுள்ளவர்கள் அவற்றில் வந்தனர். மற்றவர்கள் தெருவில் ஓடும் கார்களைத் தம் பட்டறைகளில் மாற்றியமைத்துக் கொணர்ந்தனர். கைத்திறன் இருந்தும் பொருள் இல்லாத இளைஞர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கவே முடிந்தது.

இந்தக் குறையை உணர்ந்தவர் கோவை எஸ். கரிவரதன். 1954இல் பிறந்த இவர் பந்தய வீரர்; கார் அமைப்பாளரும் ஆவார். 1980களின் இறுதியில் இவர் வடிவமைத்த ‘பார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைக் கார், நம் நாட்டுச் சாலைகளில் எங்கும் காணப்பட்ட மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டது. மூன்று சிலிண்டர்கள், 796 கன சென்டிமீட்டர், சுமார் 40 குதிரைச் சக்தி. இத்தனை சிறிய எஞ்சினை வைத்துக்கொண்டு பந்தயக் கார் செய்வது எப்படி?

எடையைக் குறைப்பதே வழி. எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே அமைத்தார். காரின் எலும்புக்கூட்டை எஃகுக் குழாய்களால் இணைத்து, மேலே கண்ணாடி இழையால் உடல் செய்தார். இங்கேதான் நம் மூங்கிலை நினைவுகூர வேண்டும். ஒரு கம்பை வளைக்கும்போது அதன் வெளிப்புறமே பெரும் பாரத்தைத் தாங்குகிறது. நடுப்பகுதிக்கு வேலை மிகக் குறைவு. ஆகவே நடுவை நீக்கிவிட்டால் எடை வெகுவாகக் குறையும். உறுதியோ சிறிதே குறையும். அத்தகைய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்தால் உறுதி பன்மடங்காகும். இயற்கை மூங்கிலில் செய்துவைத்ததையே பொறியாளர் எஃகிலே செய்கிறார்.

எல்லோருடைய காரும் ஒரே வகை, எஞ்சினும் ஒரே வகை என்பதால், வெற்றி பணத்தைப் பொறுத்து அமையாமல் ஓட்டுபவரின் திறமையைப் பொறுத்து அமைந்தது. கரிவரதன் திறந்த கதவு இதுவே. 1990இல் திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை அமைந்தது. பார்முலா மாருதியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஆஸ்திரேலியாவில் உலகின் உயர்ந்த பந்தயமான பார்முலா ஒன்றில் கலந்துகொண்டார். அதில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவரே.

அந்த நாளைக் காணக் கரிவரதன் உயிரோடில்லை. 1995இல் விமான விபத்தொன்றில் அவர் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒலியை மிஞ்சிய காரும், 40 குதிரைச் சக்திக் காரும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் செய்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டனர்: எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது? ஊரைவிட்டு அயலிடத்தில் சிறு முதலோடு தொழில் தொடங்கும் தமிழர்க்கும் இக்கேள்வி புதியதன்று. கையில் உள்ளது சிறிதே ஆயினும், அதை முறையாகப் பிணைத்தால் பாரம் தாங்கும். மூங்கிலும் அதைத்தான் சொல்லுகிறது.